திருமலைத் துறையில் நல்ல தேத்தண்ணி எங்கே?

 

லீவுக்குக் கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிற நம் பிள்ளைகள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "டவுனில நல்ல கோப்பிக் கடை, டீ ரூம் எங்க இருக்கு?" போனில் தேடினால் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து இடங்களைத்தான் அது காட்டும். அங்கே மெஷின் கோப்பி நன்றாகவே இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் துறைமுகத்தை ஒட்டிய நம் டவுனுக்குள் நல்ல கடை தேட வேறு ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் வரலாறு பேச வேண்டும். பதிவு நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருமலை வரலாறு என்றால் பிள்ளைகள் உடனே பிரட்றிக் கோட்டை, பீரங்கி, எண்ணெய்த் தாங்கி என்று எழுதுவார்கள். துறைமுகம் என்பது கப்பல் வந்து போகிற இடம் மட்டுமில்லை. ஆட்கள் காத்துக்கிடக்கிற இடமும் அதுதான். கப்பலுக்கு, லோஞ்சுக்கு, வேலைக்கு, சம்பளத்துக்கு என்று காத்திருந்தார்கள். அப்படி ஆள் காத்திருந்த இடங்களில்தான் அடுப்பு எரிந்தது, கடை வந்தது.

முதலில் கோப்பி. குடிக்கிற பானமாக இது பெயர் பெற்றது யெமனில், 15ஆம் நூற்றாண்டில். இரவு திக்ருக்கு விழித்திருக்க சூஃபிகள் இதைக் குடித்தார்கள். அரபியில் கஹ்வா. 1511இல் மக்காவின் ஆளுநராக இருந்த காயிர் பெக் அதைத் தடை செய்தார். கெய்ரோவிலிருந்த சுல்தான் அந்தத் தடையை நிலைக்க விடவில்லை. கடைகளில் ஆட்கள் கூடிப் பேசுவதுதான் ஆளுநருக்குப் பிடிக்கவில்லை என்று எழுதியவர்களும் உண்டு. அதே நூற்றாண்டின் நடுவில் இஸ்தான்புல்லில் கோப்பிக் கடைகள் வந்துவிட்டன. 1652இல் லண்டனிலும் ஒன்று திறந்தார்கள்.

நாம் பேச வந்த விஷயத்துக்கு முக்கியமானது லண்டனில் எட்வர்ட் லொயிட் என்பவர் நடத்திய கடை. தேம்ஸ் ஆற்றுத் துறைக்குப் பக்கத்தில், டவர் வீதியில் இருந்தது. கப்பற் தலைவர்களும் சரக்குக்காரர்களும் கப்பல் செய்திக்காக அங்கே போய் உட்கார்ந்தார்கள். எந்தக் கப்பல் வந்தது, எது புயலில் போனது என்ற பேச்சிலிருந்து கப்பல் காப்புறுதி வியாபாரம் வளர்ந்தது. இன்றைக்கு உலகம் அறிந்த லொயிட்ஸ் காப்புறுதிச் சந்தை அந்தக் கடையின் பெயரைத்தான் வைத்திருக்கிறது.

இந்த லண்டன் கதையில் நம் மூதூருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1659இன் கடைசியில் புயலில் பாய்மரம் போன 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் 16 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதில் ஒருவர் 19 வயது றொபேட் நொக்ஸ். கிட்டத்தட்ட இருபது வருஷம் கண்டி இராச்சியத்தில் இருந்துவிட்டு 1679இல் தப்பி அரிப்புக்குப் போய்ச் சேர்ந்தார். 1681இல் அவர் எழுதிய புத்தகம் லண்டனில் வந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர் றொபேட் ஹூக். உயர்தரத்தில் பௌதிகம் படிக்கிற பிள்ளைகளுக்கு 'ஹூக்கின் விதி' தெரியும், அதே ஹூக்தான். ஹூக்கின் நாட்குறிப்பில் ஜொனதன்ஸ் என்ற கோப்பிக் கடையில் நொக்ஸைச் சந்தித்த செய்தி இருக்கிறது. மூதூரில் பிடிபட்ட மனிதர் இலங்கைக் கதையை லண்டன் கோப்பிக் கடையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்! அந்த நேரத்தில் நம் பக்கம் அப்படி ஒரு கடை இருந்ததாகச் சொல்ல முடியாது.

நாம் 'காப்பி' என்று சொல்வதில்லை, 'கோப்பி' என்கிறோம். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் அது. 'தேத்தண்ணி'யின் 'தே' சீனத்துப் புகியன் கரைப் பேச்சிலிருந்து கப்பலேறி வந்தது. தரைவழியாகப் போனது 'சா' ஆகி அரபியில் ஷாய் ஆனது. துறைமுகத்து ஆட்களுக்குக் கடல்வழி வந்த சொல் வாய்த்ததில் ஆச்சரியமில்லை.

இலங்கை மலைநாட்டில் ஆங்கிலேயர் வளர்த்தது முதலில் கோப்பிதான். 1869இல் இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த இருபது வருஷத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. நல்ல இலை கப்பலேறிப் போனது. சல்லடைக்குக் கீழே நின்ற தூளைத்தான் இன்றும் கடைகளில் 'டஸ்ட்' என்று போட்டு ஊற்றுகிறார்கள். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். சாயம் கடுமையாக இறங்குவது அந்தத் தூளில்தான். பால் ஊற்றினாலும் அது வெளுக்காது. கோப்பி கடையை விட்டு வீட்டுக்குள் போய்விட்டது. சளி பிடித்தால் உம்மா தருகிற இஞ்சிக் கோப்பியில் அது இன்னும் இருக்கிறது.

இனித் திருமலைக்கு வருவோம். பிரித்தானியக் கடற்படைத் தளம் பெரிதாகப் பெரிதாக டொக்யாட்டில் வேலை பெருகியது. 1927இல் ரயில் வந்தது. இரவு ரயில் விடியக்காலையில் வந்து சேரும்போது ஸ்டேஷனடியில் சூடாக ஏதாவது வேண்டும். உலகப் போர் வந்ததும் துறைமுகத்தில் ஆள் கூடியது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பான் விமானங்கள் டொக்யாட்டிலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டன. ஹெர்மஸ் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியதும் அதே நாள்தான். போர் முடிந்து, நாட்டுக்குச் சுதந்திரமும் கிடைத்து, 1957 அக்டோபர் 15ஆம் திகதி தளம் இலங்கைக்குக் கைமாறியது. பெருமையான நாள். ஆனால் தளத்தை நம்பியிருந்த கூலி வேலையும் அத்தோடு குறைந்தது. டொக்யாட் வாசலில் ஆள் குறைந்தால் அங்கே கேத்தல் வைத்திருந்தவனுக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கிற காலம், பாதைக் காலம். சின்னப் பிள்ளைகளுக்கு: 'பாதை' என்றால் இங்கே ரோடு இல்லை, ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கிற மிதவை. கிண்ணியாவுக்குப் பாதை. மூதூருக்கு லோஞ். மட்டக்களப்பு வரை ரோட்டால் போவதென்றால் இடையில் இன்னும் பல பாதைகள். பஸ் வரிசையில் நிற்கும், லொறி நிற்கும், மாப்பிள்ளை வீட்டாரும் நிற்பார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளியும் நிற்பார். இரண்டு கரையிலும் கடைகள் இருந்தன. பணிஸ், வடை, வாழைப்பழக் குலை, அடுப்பில் கேத்தல். டவுனுக்குள் 'சைவக் கடை', 'நானா கடை' என்ற பிரிப்பு உண்டு. தோசைக்கு ஒன்று, ரொட்டியும் ஆணமும் வேண்டுமென்றால் மற்றது. துறையில் அந்தப் பிரிப்புக்கு இடமில்லை. பாதை வருவதற்குள் குடித்து முடிக்க வேண்டும், கிட்ட இருக்கிற வாங்கில் உட்கார வேண்டும். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லாரும் அப்படித்தான் ஒரே வாங்கில் உட்கார்ந்தோம். போர்க் காலத்தில் அந்தக் காத்திருப்போடு சோதனைச் சாவடியும் சேர்ந்தது. 2006 ஆகஸ்டில் மூதூர்ச் சண்டையோடு மக்கள் ஊரை விட்டுக் கந்தளாய்ப் பக்கம் போனார்கள்.

2009 அக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. சவூதி உதவியில் கட்டியது, 396 மீற்றர் நீளம். அன்றைக்கு இலங்கையின் மிக நீளமான பாலம். பிறகு கங்கையிலும் இறால்குழியிலும் பாலங்கள் வந்தன. கரையோரக் கடைகளுக்கு முன்னால் யாரும் நிற்கத் தேவையில்லாமல் போனது. பஸ் நிற்காத இடத்தில் தேத்தண்ணி யாருக்கு ஊற்றுவது?

இதைப் படித்துவிட்டு "அந்தக் காலம் போல வருமா" என்று யாராவது எழுதினால் நாம் உடன்பட மாட்டோம். 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகளை நாம் இழந்தோம். அல்லாஹ் அவர்களுக்குச் சுவனத்தைக் கொடுப்பானாக. பாதைக் காலம் திரும்ப வர வேண்டாம். நூறு தேத்தண்ணிக் கடை போனாலும் ஒரு பாலம் பெரிது. கடைகள் போனதை எழுதுவது பாலத்துக்கு எதிராகப் பேசுவதாகாது.

ஆனால் அந்த வாங்குக்குப் பதிலாக வேறு வாங்கு வந்ததா என்று கேட்கத்தான் வேண்டும். இப்போது மூதூரிலிருந்து டவுனுக்கு வருகிறவர் யாரோடும் பேசாமல் வந்து, அலுவல் பார்த்துவிட்டுப் பேசாமலே போகலாம். நம் மாணவர்களில் மற்றச் சமூகத்துப் பிள்ளையோடு ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடித்தவர் எத்தனை பேர்? வகுப்பில் கேட்டுப் பார்த்தோம். உயர்ந்த கைகள் குறைவு.

2022 இன்னொரு அடி. மார்ச் மாதம் பால்மா விலை ஏறி, பால் தேத்தண்ணி ஒரு கப் 100 ரூபா என்றார்கள். கேஸ் இல்லை. பல கடைகள் விறகுக்குத் திரும்பின, சில கதவைச் சாத்தின. அந்த மாதங்களில் கடைகளைக் காப்பாற்றியது வெறுந் தேத்தண்ணிதான்.

இனி, நல்ல கடை எங்கே? யார் எங்கே காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். விடியக்காலை மீன் வந்து இறங்குகிற இடத்துக்குக் கிட்டப் போங்கள். சீனக்குடாப் பக்கம் மாவுக்கும் சீமெந்துக்கும் லொறிகள் வரிசையில் நிற்கிற இடங்களைப் பாருங்கள். பஸ் நிலையம், ஆஸ்பத்திரி வாசல், கச்சேரியடி எல்லாம் அப்படித்தான். றைவர்மார் வண்டியை ஓரம் கட்டுகிற கடைக்குள் நம்பிப் போகலாம். தினமும் குடிக்கிறவனை ஏமாற்ற முடியாது. நோன்பு மாதத்தில் தராவீஹ் முடிந்த பிறகு வந்தால் இன்னும் நல்லது, இஞ்சித் தேத்தண்ணியும் நீண்ட பேச்சும் சஹர் வரைக்கும் கிடைக்கும்.

உள்ளே போனதும் சீலை வடியைப் பாருங்கள். சாயம் பிடித்துக் கறுத்திருக்கலாம், ஆனால் புளித்த வாடை வரக் கூடாது. தண்ணி கொதித்துக்கொண்டு இருக்க வேண்டும், சூடாக இருந்தால் மட்டும் போதாது. காலையில் வடித்த சாயத்தைப் பின்னேரம் வரை வைத்து ஊற்றினால் நாக்கில் கசப்பு நிற்கும். முதலில் ஒரு பிளேன்டி கேளுங்கள். பாலும் சீனியும் எதையும் மறைத்துவிடும், பிளேன்டியில் மறைக்க இடமில்லை. அது சரியாக இருந்தால் பிறகு பால் தேத்தண்ணி சொல்லலாம். தனி மேசை தேட வேண்டாம். ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிற வாங்கில் "கொஞ்சம் தள்ளி இருங்க காக்கா" என்று கேட்டு உட்காருங்கள்.

ஒரு வேண்டுகோள். கிண்ணியாப் பாதையடியிலோ மூதூர் லோஞ் துறையிலோ டொக்யாட் வாசலிலோ கடை வைத்திருந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இந்தப் பதிவைப் பார்த்தால் கீழே எழுதுங்கள். எந்தக் கரை, எந்த வருஷம் வரை, ஒரு தேத்தண்ணி என்ன விலைக்கு விற்றார்கள், கடன் கொப்பி இருந்ததா? பழைய போட்டோ இருந்தால் போடுங்கள். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளோடு இந்த விபரங்களை ஒரு கொப்பியில் சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். முதல் பக்கத்தில் இப்போதைக்குக் கிண்ணியாக் கரை மட்டும் இருக்கிறது. டவுன் கரைக்கும் மூதூருக்கும் இடம் விட்டு வைத்திருக்கிறோம்.