நாடாவில் வாழ்ந்த கலை அரசி

கலைப் படைப்பு ஒன்று பிறப்பது ஒரு முறைதான். ஆனால் அது தொடர்ந்து வாழ வேண்டுமாயின் பலருடைய கைகள் அதனைத் தாங்கிப் பிடித்தல் வேண்டும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏட்டுச் சுவடிகளைத் தேடியதும், கிடைத்த பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்ததும், 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சேற்றியதும் தமிழர் அறிந்த வரலாறு. அந்தச் சுவடிகளைத் தலைமுறை தலைமுறையாக வீட்டுப் பரணில் வைத்திருந்தவர்களுள் பலர் அவற்றின் அருமையை அறிந்தவர் அல்லர். ஆயினும் அவர்கள் வைத்திருந்ததனால்தான் நூல் பிழைத்தது. இருபதாம் நூற்றாண்டின் கலையாகிய திரைப்படத்திற்கும் இது முற்றும் பொருந்தும். கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களும் அவ்வரலாற்றில் ஒரு பக்கத்தைப் பெற்றுள்ளன.

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் மேகங்களுக்கு நடுவே நிற்கிறது கேமரன் மலை. 1885ஆம் ஆண்டில் இம்மேட்டு நிலத்தை ஆராய்ந்து குறித்த வில்லியம் கேமரன் என்னும் ஆங்கில அளவையாளரின் பெயர் அதற்கு நிலைத்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் இங்கே 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அவருக்குத் துணை நின்ற மில்ன் என்பவர் இலங்கையில் தேயிலைத் தொழிலில் பழுத்த அனுபவம் பெற்றவர். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை வழியே தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் மேலே வந்தன. காடு திருத்தப்பட்டது; சரிவுகளில் தேயிலை நிரையாக எழுந்தது; லயங்கள் எழுந்தன; கோயில்கள் எழுந்தன. திறன் பெறாத தொழிலாளர் உதவி பெற்று மலாயாவுக்கு வருவதை 1938இல் இந்திய அரசு தடுத்தது. அதற்குப் பின்னர் இம்மலையில் இருந்தவர்களுக்குத் தாயகத்தோடு நெருங்கிய உறவை அளித்தவை கடிதம், வானொலி, திரைப்படம் ஆகிய மூன்றுமே எனலாம்.

தோட்டங்களில் படம் காட்டும் நாள் திருவிழா நாளுக்கு ஒப்பானது. திடலில் இரண்டு கம்பங்களை நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். பாயும் கம்பளியும் கொண்டுவந்து மக்கள் தரையில் அமர்வார்கள். தாமதமாக வந்தவர்கள் திரையின் மறுபுறம் அமர்ந்து, இடம் வலமாக மாறிய காட்சியையும் மகிழ்ந்து காண்பார்கள். அத்திரையில் மிகுந்த ஆரவாரத்தோடு வரவேற்கப்பட்டவர் எம்.ஜி.ஆர். அவரும் மலைநாட்டில் பிறந்தவரே. இலங்கையில் கண்டிக்கு அண்மையிலுள்ள நாவலப்பிட்டியில், தேயிலை விளையும் மண்ணில், 1917இல் பிறந்தவர் அவர்.

எம்.ஜி.ஆர். நடித்த படங்களுள் தனித்து நிற்பது 'கலை அரசி'. 1963 ஏப்ரல் மாதத்தில் வெளிவந்த இப்படத்தை ஏ. காசிலிங்கம் இயக்கினார், கே. வி. மகாதேவன் இசையமைத்தார், பி. பானுமதி கதாநாயகியாக நடித்தார். வேற்றுக் கோள் ஒன்றின் மக்கள் அறிவியலில் மிக உயர்ந்தவர்கள். ஆனால் கலையில் வறியவர்கள். அக்குறையைப் போக்க அவர்கள் பூமிக்கு வந்து, இசையிலும் நடனத்திலும் தேர்ந்த ஒரு பெண்ணைக் கவர்ந்து செல்கின்றனர். அவளை மீட்கக் கதாநாயகன் வான்கலம் ஏறிச் செல்கிறான். வேற்றுக் கோளத்தவராக எம். என். நம்பியார் வருகிறார். வேற்றுக் கோளத்தாரையும் விண்பயணத்தையும் திரையில் காட்டிய முதல் இந்தியப் படம் இதுவே என்று திரை வரலாறு எழுதுவோர் குறிப்பிடுகின்றனர்.

இதற்கு முன்னரும் தமிழர் இத்துறையில் கை வைத்ததுண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் டி. ஆர். சுந்தரம் அமெரிக்க நிறுவனம் ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து 1952இல் எடுத்த படம் தமிழில் 'காடு' என்றும் ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்' என்றும் பெயர் பெற்றது. அழிந்துபோன மயிர் யானைகள் இந்தியக் காட்டில் மீண்டும் தோன்றுவதாக அதன் கதை அமைந்தது. ஆனால் அப்படம் பூமியை விட்டு எழவில்லை. வானத்தை நோக்கி எழுந்தது 'கலை அரசி'தான்.

அந்த 1963ஆம் ஆண்டை நினைத்துப் பார்த்தல் வேண்டும். யூரி ககாரின் விண்ணில் பறந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. கேரளத்துத் தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஏவுகணை வானில் எழுந்தது அவ்வாண்டு நவம்பர் 21ஆம் நாள். படம் வெளிவந்து ஏழு மாதங்களுக்குப் பின்னர். மலேசியா உருவானது அவ்வாண்டு செப்டம்பர் 16ஆம் நாள். கோலாலம்பூரில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது டிசம்பர் 28ஆம் நாள். கேமரன் மலையின் ரிங்லெட்டில் ஆற்றைத் தடுத்து நீர்மின் திட்டத்திற்காக ஏரி அமைந்ததும் அவ்வாண்டில்தான். நாடும் உலகமும் இவ்வாறு மாறிக்கொண்டிருந்த காலத்தில், அறிவியல் மட்டும் போதாது, கலையும் வேண்டும் என்று ஒரு தமிழ்ப் படம் கூறியது. அட்டைப் பலகையும் சாயமும் கொண்டு செய்த வான்கலத்தைக் கண்டு நகைப்போர் நகைக்கட்டும். அதனுள் இருந்த எண்ணம் நகைப்பிற்கு உரியதன்று.

திரையரங்கில் ஓடி முடிந்த படம் வீட்டுக்குள் நுழைந்த கதை அடுத்துத் தொடங்குகிறது. ஜப்பானில் 1975இல் சோனி நிறுவனம் பீட்டாமேக்ஸ் கருவியையும், 1976இல் ஜேவிசி நிறுவனம் விஎச்எஸ் கருவியையும் வெளியிட்டன. எண்பதுகளில் மலேசிய நகரங்களிலும் தோட்டங்களிலும் வீடியோ நாடா பரவியது. திடலில் துணி கட்டிய காலம் மறைந்தது. கருவி உள்ள வீட்டின் கூடத்தில் அண்டை வீட்டாரும் கூடினர். கறுப்பு வெள்ளைக் காலத்துப் படங்கள் மறுபிறவி எடுத்தன. பாட்டனார் இளமையில் கண்ட படத்தைப் பேரனும் காண முடிந்தது. திரையரங்குகள் கைவிட்ட பழம் படங்களை மக்கள் கண்முன் வைத்திருந்த பெருமை இந்நாடாக்களுக்கு உண்டு.

ஆனால் அப்பெருமையோடு ஒரு தீங்கும் கலந்து வந்தது. விஎச்எஸ் நாடா பதியக்கூடிய நுணுக்கம் ஏறத்தாழ 240 கோடுகளே. திரைச்சுருளில் உள்ள நயத்தில் பெரும்பகுதி அதில் ஏறுவதில்லை. நாடாவிலிருந்து நாடாவாகப் படியெடுக்க எடுக்க முகங்கள் மங்கின, பாட்டு கரகரத்தது. நிழலும் ஒளியும் கொண்டு அமைத்த வேற்றுக் கோளம் சாம்பல் நிறப் புகையாகத் தெரிந்தது. தொண்ணூறுகளில் விசிடி வட்டு வந்தபோது பழைய நாடாவின் குறைகளோடு புதிய குறைகளும் சேர்ந்தன. மலிவாகக் கிடைத்த பிரதியே படம் என்று மக்கள் பழகிவிட்டனர். மூலப் பிரதி எங்கே, அது எந்நிலையில் உள்ளது என்னும் வினாவே எழவில்லை. வீட்டு நாடா படத்தின் நினைவைக் காத்தது. அதே வேளையில் படத்தின் உண்மையான உருவத்தை மறக்கவும் செய்தது.

மலையின் இயல்பும் இதில் சேர்ந்துகொண்டது. கேமரன் மலையின் குளிர்ச்சி திரைச்சுருளுக்கும் நாடாவுக்கும் நல்லதே. ஆனால் அங்குள்ள ஈரம் அவற்றிற்குப் பகை. காப்பகங்களில் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு ஐம்பதுக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்கின்றனர். மலையிலோ அது தொண்ணூறை ஒட்டி நிற்கும் நாள்கள் பல. தேயிலைத் தளிரை வளர்க்கும் அதே பனிமூட்டம் நாடாவின்மேல் வெண்ணிறப் பூஞ்சையை வளர்க்கிறது. காந்தத் தூளை ஒட்டிவைத்திருக்கும் பசையை இளக்குகிறது. சுவடிக்குக் கறையான் எதுவோ, நாடாவுக்கு இப்பூஞ்சை அது.

இழப்பின் அளவை அறியத் தமிழ்த் திரையின் தொடக்க காலத்தைப் பார்த்தாலே போதும். நடராஜ முதலியார் எடுத்த முதல் தென்னிந்திய மௌனப் படமாகிய 'கீசக வதம்' இன்று இல்லை. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 'காளிதாஸ்' இன்று இல்லை. 1933இல் நாகர்கோவில் சுந்தரராஜ் எடுத்த 'மார்த்தாண்ட வர்மா' மட்டும் எவ்வாறு பிழைத்தது? பதிப்புரிமை வழக்கில் சிக்கிய அப்படத்தின் சுருள் ஒரு புத்தக நிலையத்தில் பல்லாண்டுகள் கிடந்தது. புணேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1974இல் அதனைப் பெற்றது. வெற்றிகரமாக ஓடிய படங்கள் தேய்ந்து அழிந்தன. வழக்கினால் முடங்கிய படம் வாழ்ந்தது!

மறதிக்கும் ஒரு விலை உண்டு. 2018ஆம் ஆண்டில் 'டிக் டிக் டிக்' என்னும் தமிழ்ப் படம் இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்ற விளம்பரத்தோடு வெளிவந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே 'கலை அரசி' வான்கலத்தில் ஏறிவிட்டதைப் பழம் படங்களில் ஈடுபாடு கொண்டோர் எடுத்துக் கூற வேண்டியதாயிற்று. இதில் எவரையும் குறை கூறிப் பயனில்லை. தெளிவான பிரதியாகக் கண்முன் நில்லாத படைப்பு, வரலாற்றிலும் தன் இடத்தை இழக்கும் என்பதே இதிலிருந்து பெறும் பாடம்.

மேலைநாட்டார் தம் பழம் படத்தை எவ்வாறு மீட்டனர் என்பது இங்கே எண்ணத்தக்கது. ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய 'மெட்ரோபொலிஸ்' 1927 ஜனவரியில் பெர்லினில் அரங்கேறியது. அறிவியல் புனைவுப் படங்களுக்கெல்லாம் மூத்தது என்று போற்றப்படும் அப்படம், சில மாதங்களிலேயே வெட்டிக் குறைக்கப்பட்டது. வெட்டிய பகுதி அழிந்துவிட்டது என்றே எண்பது ஆண்டுகள் உலகம் நம்பியது. 2008ஆம் ஆண்டில் அர்ஜெண்டினாவின் புவனோஸ் அயர்ஸ் நகரத்துத் திரைப்பட அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ முழுமையான 16 மில்லிமீட்டர் பிரதி ஒன்று கண்டறியப்பட்டது. அதன் மூலம், 1928இல் அந்நாட்டுக்குச் சென்ற சுருள். திரைப்பட விமரிசகர் ஒருவர் தம் சேகரிப்பில் வைத்துக் காத்தது. அப்பிரதி முழுவதும் கீறல்கள். ஓரங்களும் சிறிது குறைந்திருந்தன. ஆயினும் அறிஞர்கள் அதனைப் பிற பிரதிகளோடு ஒப்பிட்டு, ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடக் காட்சிகளை உரிய இடங்களில் சேர்த்தனர். 2010 பிப்ரவரியில் மீட்கப்பட்ட படம் பெர்லினில் திரையிடப்பட்டது. அவ்வாண்டிலேயே சேகரிப்பாளர்களுக்கான வட்டுப் பதிப்புகளாக வீடுகளுக்கும் வந்தது. கீறல்களை முற்றும் மறைக்க முடியவில்லை. மறைக்கவும் அவர்கள் முயலவில்லை. எந்தப் பகுதி எங்கிருந்து கிடைத்தது என்பது காண்போருக்கே விளங்கும். இது சாமிநாதையர் பிரதிபேதம் காட்டிய நேர்மைக்கு ஒப்பானது அன்றோ!

சேகரிப்பாளர் பதிப்பு என்பது பகட்டான உறையன்று. உரையோடு கூடிய பதிப்பு அது. 1984இல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 'கிங் காங்' படத்தை லேசர் வட்டில் வெளியிட்டபோது, படம் ஓடும்போதே அறிஞர் ஒருவரின் விளக்கவுரையையும் கேட்கும்படி அமைத்தது. நச்சினார்க்கினியரும் பரிமேலழகரும் மூலத்தின் அருகே நின்று செய்த பணியையே இவ்விளக்கவுரை திரைக்குச் செய்தது.

தமிழ்ப் படங்களுக்கும் இது இயலாத செயல் அன்று. 'கர்ணன்' 2012இலும், எம்.ஜி.ஆரின் 'ஆயிரத்தில் ஒருவன்' 2014இலும் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குகளில் மீண்டும் வெற்றி கண்டன. மக்கள் பழமையை விரும்பவில்லை என்னும் கூற்றை அவ்வெற்றிகள் பொய்யாக்கின. 'கலை அரசி'க்கும் அத்தகைய பணி தகும். கிடைக்கும் சுருள்களை ஒப்பிட்டு, கறுப்பு வெள்ளையின் நயம் கெடாமல், இசையும் உரையாடலும் தெளிவாக, படத்தின் வரலாற்றுக் குறிப்புகளோடு வெளிவரும் பதிப்பு அதற்கு உரியது.

கேமரன் மலையில் இன்று கொழுந்து பறிப்பவர்களுள் வங்கதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோரே மிகுதி. கத்தரிக்கோலும் இயந்திரமும் கைவிரலின் இடத்தைப் பெற்றுள்ளன. லயங்களில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் கீழே நகரங்களுக்கு இறங்கிவிட்டனர். 1996இல் மீசாட் செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்ட பின்னர், தமிழ்ப் படங்கள் வானத்திலிருந்தே மலை வீடுகளில் இறங்கலாயின. வேற்றுக் கோளத்தார் கலையைத் தேடிப் பூமிக்கு வந்த கதையைக் கண்டு வியந்த மக்களுக்கு, விண்வெளியே கலையைக் கொண்டுவந்து தந்தது. பழைய நாடாக்கள் அலமாரியின் அடித்தட்டுக்குப் போயின. 2016இல் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் வீடியோ கருவி செய்வதை நிறுத்தியது. இனி நாடா நன்றாக இருந்தாலும் அதனை ஓட்டிக் காட்டும் கருவி அரிதாகிக்கொண்டே போகும்.

வீடு மாறும் குடும்பம் முதலில் கழிப்பது இத்தகைய பொருள்களையே. குப்பையில் எறிவதற்கு முன் ஒரு கணம் நின்று பார்த்தல் நன்று. உறையில் எழுதிய பெயர், பதிவான ஆண்டு, இடையே பதிந்துவிட்ட திருமணக் காட்சி, கோயில் திருவிழா ஆகிய யாவும் ஒரு சமுதாயத்தின் ஏடுகள். அவற்றை உலர்ந்த இடத்தில் நிறுத்தி வைத்தலும், காலம் கடவாமல் கணினிக்கு மாற்றுதலும், என்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதுதலும் பெரும் பொருள் வேண்டாத பணிகள். எந்த வீட்டு அலமாரியில் எந்தப் படத்தின் வெட்டுப்படாத பிரதி உறங்குகிறது என்று யார் கூற முடியும்? ஜெர்மனி இழந்ததை அர்ஜெண்டினா வைத்திருந்தது. சென்னை இழந்ததைப் பகாங்கின் ஒரு மலைவீடு வைத்திருத்தலும் கூடும். பரணில் ஏடு காத்தவர்களின் வழிவந்தோர் நாடாவையும் காத்தல் கடமையாகும்.