பழைய டீசல் ஜீப்பும் மூன்று ஜாதகங்களும்

மும்பையில் மழைக்காலத்தில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. பெயிண்ட் உரிந்த ஒரு பழைய ஜீப், பின்னால் கொக்கியும் சங்கிலியுமாக, ஒரு பளபளப்பான காரின் மூக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உறுமிக்கொண்டே போகும். காருக்கு வயது மூன்று இருக்கும், ஜீப்புக்கு முப்பது இருக்கும். தாத்தா பேரனை இழுத்துக்கொண்டு போகிற கதைதான்.

அந்தத் தாத்தாவை விலைக்கு வாங்கலாமா? மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் சின்னதாக கராஜ் வைத்திருக்கும் நம்மூர் அண்ணாச்சி ஒருவருக்கு இந்தக் கேள்வி வந்தது. எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. பி.காம் படித்துவிட்டு வங்கியில் கடன் பேப்பர் பார்க்கிறவன். ஆனால் இந்த ஜீப்பின் சரித்திரத்தைத் தோண்டப் போனால், கடைசியில் அது பேப்பர் சமாச்சாரத்தில்தான் வந்து நிற்கிறது. அதனால் எழுதலாம் என்று துணிந்தேன்.

முதலில் சரித்திரம்.

ஜீப் பிறந்தது அமெரிக்காவில், இரண்டாம் உலகப்போருக்காக. வில்லிஸ் ஓவர்லேண்ட், ஃபோர்டு என்ற இரண்டு கம்பெனிகள் 1941 முதல் 1945க்குள் ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து தள்ளின. 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 60 குதிரைசக்தி. நாலு சக்கரத்துக்கும் இழுவை. சாதாரண கியருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கம்பி உண்டு. அதைப் போட்டால் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்கு குறையும், இழுவை அதே அளவுக்குக் கூடும். சேற்றில் பீரங்கி இழுப்பதற்காகச் செய்த ஏற்பாடு. பின்னாளில் சயானில் நின்றுபோன காரை இழுக்கப் பயன்பட்டதும் இதே கம்பிதான்.

1945இல் கே.சி. மஹிந்திரா, ஜே.சி. மஹிந்திரா என்ற சகோதரர்கள் மாலிக் குலாம் முகமது என்பவரோடு சேர்ந்து லூதியானாவில் இரும்பு வியாபாரம் தொடங்கினார்கள். பெயர் மஹிந்திரா அண்ட் முகமது. பிரிவினை வந்தது. குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அந்த நாட்டின் முதல் நிதியமைச்சரானார், பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். இங்கே கம்பெனி 1948இல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. எம் அண்ட் எம் என்ற சுருக்கம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

1947இல் இந்தக் கம்பெனி வில்லிஸிடமிருந்து 75 ஜீப்புகளை உதிரிபாகங்களாக வரவழைத்தது. 1949இல் நம்ம மஜ்காவில் இடம் பிடித்து ஜீப் பூட்ட ஆரம்பித்தார்கள். ஹார்பர் லைனில் டாக்யார்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் மஜ்காவ்தான். ஆக, லேபர் கேம்ப்பில் நிற்கிற ஜீப்புக்கும் பூர்வீகம் வேறு, பிழைப்பு மும்பை. நம்மைப் போல!

அப்போதெல்லாம் பெட்ரோல் ஜீப்தான். கலெக்டர் ஜீப், போலீஸ் ஜீப், பழைய சினிமாவில் வில்லன் வருகிற ஜீப் எல்லாமே பெட்ரோல். கொஞ்சமும் கூச்சமில்லாமல் பெட்ரோல் குடிக்கும். அரசாங்கம் பில் கட்டும்வரை யாரும் கவலைப்படவில்லை.

1973 அக்டோபரில் அரபு - இஸ்ரேல் போர் வந்தது. சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெய் விலை பீப்பாய்க்கு மூன்று டாலர் சுமாரிலிருந்து பன்னிரண்டு டாலர் அருகே போனது. நாலு மடங்கு! நம் நாட்டில் லாரியும் விவசாய பம்புசெட்டும் டீசலில் ஓடியதால், டீசல் விலையை அரசு தாழ்த்தியே வைத்திருந்தது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் நடுவே பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்தில்தான் பெட்ரோல் ஜீப் விழுந்தது. (2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடும், 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் போன பிறகே அந்தப் பள்ளம் பெரிய அளவில் தூர்ந்தது.)

மஹிந்திராவுக்கு ஒரு அதிர்ஷ்டம். 1963இலேயே இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்ற அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டு வைத்து டிராக்டர் செய்ய இறங்கியிருந்தார்கள். வீட்டிலேயே டீசல் அனுபவம் இருந்தது. 1975இல் ஜீப்பை டீசலுக்கு மாற்றினார்கள். 1979இல் ஃபிரான்சின் பெஜோ கம்பெனியிடம் எக்ஸ்.டி.பி. 4.90 என்ற டீசல் எஞ்சினைச் செய்ய உரிமம் வாங்கினார்கள். நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம், அதனால் 4.90. கொள்ளளவு 2112 சி.சி. இந்த எஞ்சினோடு 1985இல் வந்ததுதான் எம்.எம். 540. அடுத்து 1991இல் கமாண்டர். இன்றைக்கு யாராவது "பழைய டீசல் ஃபோர் வீல்" என்று விற்க வந்தால், அது பெரும்பாலும் இந்தக் குடும்பத்துப் பிள்ளையாகத்தான் இருக்கும்.

இழுப்பதற்கு ஏன் டீசல்? இரண்டு காரணம்.

ஒன்று, நிதானம். நின்ற இடத்திலிருந்து பாரத்தை நகர்த்தும்போது வேகம் முக்கியமில்லை, மெதுவாகச் சுற்றும்போதே திமிறுகிற பலம் வேண்டும். டீசல் எஞ்சினுக்கு அது இயல்பு. பெட்ரோல் எஞ்சினை விரட்டினால்தான் வேலை செய்யும். டீசல் காளைமாடு மாதிரி, தலையைக் குனிந்துகொண்டு இழுக்கும்.

இரண்டு, தண்ணீர். பெட்ரோல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டும். அந்த ஒயர்களும் டிஸ்ட்ரிபியூட்டரும் நனைந்தால் வண்டி படுத்துவிடும். பழைய டீசலில் தீப்பொறி கிடையாது, காற்றை அழுத்திய சூட்டிலேயே எரிகிறது. காற்று இழுக்கும் குழாய்க்குள் தண்ணீர் போகாதவரை ஓடிக்கொண்டிருக்கும். (போய்விட்டால் எஞ்சினே உடையும், அதையும் மறக்க வேண்டாம்.) 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதே, அந்த நாளில் இங்கே இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிங்ஸ் சர்க்கிள், சயான், குர்லா என்று எங்கு பார்த்தாலும் காருக்குள் தண்ணீர். உயரமான டீசல் வண்டி வைத்திருந்தவர் அன்றைக்கு ராஜா.

சரி, இவ்வளவு நல்ல வண்டியை வாங்க யோசனை எதற்கு?

இங்கேதான் ஜாதகம் வருகிறது. பழைய ஜீப்புக்கு ஒரு ஜாதகம் இல்லை, மூன்று. சேஸிஸ் ஒன்று, எஞ்சின் ஒன்று, ஆர்.சி. புத்தகம் ஒன்று. மூன்றும் ஒரே வண்டியைச் சொல்ல வேண்டும். பல வண்டிகளில் சொல்வதில்லை. ஏன் என்பதற்குப் பதில் மேலே சொன்ன சரித்திரத்திலேயே இருக்கிறது.

எண்ணெய் விலை ஏறிய பிறகு பெட்ரோல் ஜீப் வைத்திருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை உட்கார வைத்தார்கள். ஜீப்பில் அது சுலபம், இடம் தாராளம். ஆனால் எஞ்சின் மாறியதை ஆர்.டி.ஓ.வில் பதிந்தவர்கள் எத்தனை பேர்? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது, மாற்றினால் முறைப்படி ஒப்புதலும் பதிவும் வேண்டும் என்கிறது. ஆர்.சி.யில் பெட்ரோல், பானெட்டுக்குள் டீசல் என்றால் முதல் பொருத்தமே இல்லை.

அடுத்தது ராணுவ ஏல வண்டி. கழித்துக்கட்டிய ராணுவ வண்டிகள் ஏலத்தில் வெளியே வரும். ஏல ஆவணம், ரிலீஸ் ஆவணம் எல்லாம் கொடுத்துப் புதிதாகப் பதிய வேண்டும். "மிலிட்டரி வண்டி சார், தேயவே தேயாது" என்று சொல்லி விற்பார்கள். தேயாதது சரி, ஏலத்தில் எடுத்த காகிதம் எங்கே என்று கேளுங்கள்.

மூன்றாவது எங்கள் துறை. கடனில் வாங்கிய வண்டியின் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் ஏறும். சட்டத்தின் 51ஆம் பிரிவு. கடன் தீர்ந்ததும் வங்கி கொடுக்கும் படிவம் 35ஐ ஆர்.டி.ஓ.வில் கொடுத்து அந்தப் பெயரை நீக்க வேண்டும். நிறையப் பேர் கடனைக் கட்டிவிட்டு, படிவத்தை பீரோவில் வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். முப்பது வருடம் கழித்து அந்த வங்கியைத் தேடினால் வங்கியே இருக்காது! பேங்க் ஆஃப் தமிழ்நாடு 1990இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியோடு சேர்ந்தது, பேங்க் ஆஃப் தஞ்சாவூர் அதே வருடம் இந்தியன் வங்கியோடு. நியூ பேங்க் ஆஃப் இந்தியா 1993இல் பஞ்சாப் நேஷனலில். தேனா வங்கியும் விஜயா வங்கியும் 2019இல் பரோடாவில். சிண்டிகேட் 2020இல் கனராவில். பெயர் போனாலும் உரிமை போகாது, சேர்த்துக்கொண்ட வங்கிக்கு வந்துவிடும். அங்கே போய் எழுதி வாங்க வேண்டும். பழைய கிளையே மூடியிருந்தால் நடை அதிகம், அவ்வளவுதான்.

அண்ணாச்சி காட்டிய வண்டியில் இந்த மூன்றில் இரண்டு இருந்தன. ஆர்.சி.யில் பெட்ரோல் என்றிருந்தது, உள்ளே டீசல் எஞ்சின். இன்றைக்கு இல்லாத ஒரு வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. விலை இரண்டே முக்கால் லட்சம். வீட்டு நகையை அடகு வைத்துப் பணம் புரட்டுவதாக இருந்தார்.

"எஞ்சின் சத்தத்தைக் கேளுங்க சார், கோயில் மணி மாதிரி இருக்கு" என்றார்.

"மணி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, கோயில் யார் பேர்ல இருக்கு?" என்றேன்.

சிரித்துவிட்டார். ஆனால் நான் பயந்தது அதற்கும் மேலே ஒன்றுக்கு. கூலிக்குக் கார் இழுக்கிற வண்டி, சட்டப்படி சாதாரணக் கார் இல்லை. 2004 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வாகன வகைப் பட்டியலில், பழுதான வண்டியை மீட்கும் வண்டிகள் போக்குவரத்து அல்லாத வாகனம் என்ற பிரிவில், காரிலிருந்து தனி வகையாக வருகின்றன. அதாவது ஆர்.சி.யில் கார் என்று இருந்தால் போதாது, மீட்பு வண்டி என்று இருக்க வேண்டும். அதற்கேற்ற இன்சூரன்ஸ் வேண்டும். சங்கிலி அறுந்து யாராவது அடிபட்டால், பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருக்கிறது என்று சொல்லி, இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈட்டைக் கட்டிவிட்டு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று கோர்ட் தீர்ப்பளித்த வழக்குகள் உண்டு. நகையோடு போகாது, வீட்டுக்கும் வரும்.

வயதும் ஒரு பிரச்சினை. சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. ஆயுள் 15 வருடம், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். கார் வகைக்கு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5000 ஆனது. மும்பையில் டீசல் புகைக்கு எதிராக 1999இலேயே உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, வி.எம். லால் தலைமையில் கமிட்டி போட்டார்கள். டெல்லியில் 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை போட்டது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை வழிமொழிந்தது. அங்கிருந்து வண்டிகள் என்.ஓ.சி.யோடு வெளியூர்களுக்குக் கிளம்பின. "டெல்லி வண்டி, சல்லிசு" என்று யாராவது சொன்னால் ஏன் சல்லிசு என்று யோசியுங்கள்.

அண்ணாச்சி விற்பவரிடம் இரண்டு பேப்பரையும் சரிசெய்து தரச்சொன்னார். அவர் பதிலே சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து, மீட்பு வண்டியாகவே முறைப்படி பதிவான ஒரு டீசல் ஜீப், எழுபதாயிரம் ரூபாய் கூடுதலாக, பன்வேல் பக்கம் கிடைத்தது. நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் வட்டி கட்டுவது அந்த ஜீப்தான்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேஸிஸ் நம்பரை பென்சிலால் காகிதத்தில் தேய்த்து எடுங்கள். எஞ்சின் நம்பரைத் துடைத்துவிட்டுப் படியுங்கள். இரண்டையும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எரிபொருள், வங்கிப் பெயர், வண்டி வகை என்ற மூன்று இடத்தையும் விரல் வைத்துப் பாருங்கள். எல்லாம் பொருந்திய பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஜீப்பில் எஞ்சின், கியர்பாக்ஸ், பாடி எதை வேண்டுமானாலும் மாற்றலாம், மும்பையில் எல்லாம் கிடைக்கும். மாற்ற முடியாதது சேஸிஸில் குத்திய நம்பர் மட்டும்தான்.