முதலில் நடந்தவர்கள்

1862-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் சென்னைப் படையைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்டன் ஆனைமுடியின் உச்சியில் ஏறி நின்றார். 2,695 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்தில் மனிதன் ஏறியதாக ஏட்டில் பதிவான முதல் நாள் அதுவே. ‘ஏட்டில் பதிவான’ என்னும் சொற்களை இங்கே அழுத்திப் படிக்க வேண்டும். ஏடு எழுதாத மக்கள் அதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பிருந்தே அம்மலைகளில் வாழ்ந்து வந்தார்கள்.

பனியன் தறிகளின் இரைச்சலில் வாழும் நமக்கு ஆனைமலை தொலைவானதாகத் தோன்றலாம். ஆனால் 2009-இல் திருப்பூர் மாவட்டம் பிறந்தபோது உடுமலை வட்டமும், அதனோடு குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு, தளிஞ்சி முதலிய மலைக் குடியிருப்புகளும் நம் மாவட்டத்தில் சேர்ந்தன. அமராவதி நீரும், பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனநீரும் அம்மலைகளிலிருந்தே நம் வயல்களுக்கு வருகின்றன.

ஆங்கிலேயர் இம்மலைகளை நாடி வந்ததற்கு அழகுணர்ச்சி முதற்காரணம் அன்று. 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்த வார்டு, கானர் என்னும் படையதிகாரிகளின் நோக்கம் நிலப்படம். 1848-இல் ஆனைமலைக் காட்டின் பொறுப்பேற்ற மைக்கேல் என்னும் அதிகாரியின் நோக்கம், பம்பாய்க் கப்பல் தளத்துக்கு வேண்டிய தேக்கு. வெட்டிய மரங்களை மேலிருந்து சரிவில் வழுக்கிவிட்ட இடமே டாப் ஸ்லிப் என்று பெயர் பெற்றது. 1858-இல் வனப் பாதுகாவலர் ஹியூ கிளெக்ஹார்ன் உயர்மலைப் பகுதிக்கு ஒரு பயணம் மேற்கொண்டு விரிவான அறிக்கை எழுதினார். படங்கள் வரைந்தவர் மேலே சொன்ன ஹாமில்டனே.

இப்பயணிகளுக்கு வழி எங்கிருந்து கிடைத்தது? 340 மீட்டரில் தொடங்கி 2,500 மீட்டருக்கும் மேல் உயரும் மலைநாடு இது. அடர்ந்த சோலை, வழுக்குப்பாறை, அட்டை, திடீரென்று பெருகும் ஓடை இவற்றினூடே படக்கருவி மட்டும் கொண்டு எவரும் நடந்துவிட முடியாது. யானைகள் தேர்ந்த தடங்களையும், தண்ணீர் வற்றாத மடுக்களையும் அறிந்தவர்கள் காடர், முதுவர், புலையர், மலசர், மலைமலசர் ஆகியோர். மூங்கில் முளைகளை அறைந்து நெடுமரமேறித் தேன் எடுப்பதில் காடர் தேர்ந்தவர்கள். வழிகாட்டியோரின் தனிப்பெயர்கள் அக்கால நூல்களில் அரிதாகவே இடம்பெறுகின்றன. ஓரேபு மலைக்கு மோசே சென்றதும் மாமனார் இத்திரோவின் மந்தையை ஓட்டிக்கொண்டுதான் என்று விடுதலைப் பயண நூல் கூறுகிறது. அம்மலைக்கு இடையர்கள் முன்பே வழி அறிந்திருந்தார்கள் என்று நான் எண்ணுவதுண்டு.

மரம் வெட்டியவர்களிடையே மரம் வளர்த்தவர் ஒருவரும் உண்டு. வன அதிகாரி ஹியூகோ வுட், ஊன்றிய கைத்தடியால் நிலத்தில் குழி செய்து, பையிலிருந்த தேக்கு விதையை இட்டுக்கொண்டே நடப்பாராம். அப்பகுதி மக்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். 1933-இல் மறைந்த அவருடைய கல்லறை டாப் ஸ்லிப் அருகே அவர் வளர்த்த தேக்குகளின் நடுவே உள்ளது. இலண்டன் தூய பவுல் பேராலயத்தில் அதைக் கட்டிய ரென்னுக்குப் பொறித்த அதே இலத்தீன் வாசகம் இங்கும் உண்டு: நினைவுச் சின்னம் வேண்டுவோர் சுற்றிலும் நோக்கட்டும் என்பது அதன் கருத்து. ரென்னைவிட இவருக்கே அது கூடுதலாகப் பொருந்துகிறது.

1976-இல் ஆனைமலை விலங்குகள் சரணாலயமாயிற்று. 2007-இல் புலிகள் காப்பகமாயிற்று. அதன் உட்பகுதி மட்டும் ஏறத்தாழ 958 சதுர கிலோமீட்டர். வெளியார் வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டுக்குள் நடக்கலாகாது. புலிக்கும் வரையாட்டுக்கும் அமைதி தேவை. இக்கட்டுப்பாட்டை நான் குறைகூறேன். ஆனால் நமக்கு விடுமுறை இன்பமாகிய நடை, மலைவாழ் மக்களுக்கு வேறு பொருளுடையது. சாலையற்ற குடியிருப்புகளிலிருந்து பேறுகாலப் பெண்களையும் நோயாளிகளையும் துணித்தூளியில் கிடத்தி, கழியைத் தோளில் ஏற்றிக் கீழே சுமந்துவந்த செய்திகளை நாளேடுகளில் பலமுறை படித்திருக்கிறோம். ஆற்றில் வெள்ளம் வந்தால் தளிஞ்சி மக்கள் கரையிலேயே நின்றுவிடுவார்கள்.

புலிகள் காப்பகம் அறிவிக்கப்படுவதற்கு முந்தைய ஆண்டில், 2006-இல், வன உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. தலைமுறைகளாகக் காட்டில் வாழ்ந்தோருக்கு இழைக்கப்பட்ட வரலாற்று அநீதியை அச்சட்டத்தின் முகவுரையே ஒப்புக்கொள்கிறது. பள்ளி, மருந்தகம், சாலை போன்ற தேவைகளுக்காக, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல் ஒதுக்க அதன் 3(2) பிரிவு இடமளிக்கிறது. அதற்குக் கிராம சபையின் பரிந்துரை வேண்டும். அச்சபையில் கூடுவோர், ஹாமில்டனைப் போன்றோருக்கு வழி காட்டிய மலைமக்களின் வழிவந்தவர்கள்.