திருக்காவலூர் நாயகி

வீரமாமுனிவர் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் மாணவர்தம் நினைவுக்கு வருவன மூன்று. எகர ஒகர எழுத்துகளில் அவர் செய்த சீர்திருத்தம் ஒன்று, சதுரகராதி மற்றொன்று, பரமார்த்த குருவின் கதை பிறிதொன்று. தேர்வு எழுத இவை போதும். அம்முனிவரின் உள்ளத்தை அறிய இவை போதா. அவருடைய எழுத்தாணியை இயக்கிய ஆற்றல், ஓர் அன்னையின்பால் அவர் கொண்டிருந்த ஆழ்ந்த பற்றேயாகும். இயேசு பெருமானின் தாயாகிய மரியன்னையை எவ்வகை நம்பிக்கைக்கு எடுத்துக்காட்டாகத் தமிழர்முன் அவர் நிறுத்தினார் என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தாலி நாட்டில் 1680ஆம் ஆண்டு பிறந்த பெஸ்கி என்னும் இயேசு சபைத் துறவி, 1710இல் கோவாவுக்கு வந்து, அடுத்த ஆண்டில் தமிழகம் சேர்ந்தார். தமிழ் கற்றார், தமிழ்த் துறவியர்போல் காவியுடை பூண்டார். விருத்தாசலத்திற்கு அருகிலுள்ள கோனான்குப்பத்தில் அன்னைக்கு ஓர் ஆலயம் எழுப்பி, ‘பெரியநாயகி’ என்று திருப்பெயர் சூட்டினார். விருத்தாசலத்துச் சிவன் கோயிலில் எழுந்தருளியுள்ள அம்மைக்கும் அதுவே பெயர் என்பது ஈண்டு கருதத்தக்கது. கோனான்குப்பத்து அன்னையின் திருவுருவம் தமிழ்ப் பெண்ணின் கோலத்திலேயே அமைந்தது. மேலைநாட்டிலிருந்து வந்த அன்னையை, அவ்வூர் மக்கள் தம் வீட்டுத் தாயாகக் காண அது வழிவகுத்தது.

கொள்ளிடத்தின் வடபால் உள்ள ஏலாக்குறிச்சிக்கு அவர் இட்ட பெயர் திருக்காவலூர் என்பது. அங்கு அன்னை ‘அடைக்கல நாயகி’ ஆனார். திருக்காவலூர்க் கலம்பகமும் அன்னை அழுங்கல் அந்தாதியும் அவர் அன்னைக்குச் சூட்டிய பாமாலைகள். கலம்பகமும் அந்தாதியும் சைவரும் வைணவரும் தத்தம் இறைவரைப் போற்றிப் பாடிய இலக்கிய வகைகள். அவ்வடிவங்களையே தம் அன்னைக்கும் உரியனவாக்கினார் முனிவர். அன்னையைப் போற்றியதோடு அவர் அமையவில்லை. அன்னையின் அழுகையையும் பாடினார். ‘அழுங்கல்’ என்ற சொல்லே அதற்குச் சான்று.

1726இல் அவர் இயற்றிய தேம்பாவணி, மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். அதன் தலைவன் வளன் என்னும் சூசையப்பர். எனினும், காப்பியத்திற்கு அடிப்படையாய் அமைந்தது, ஸ்பெயின் நாட்டு ஆகிரேதா என்னும் ஊரில் வாழ்ந்த மரியா என்னும் பெயருடைய கன்னித் துறவி எழுதிய அன்னையின் வரலாறேயாகும். ஆதலின் வளனின் கதை நெடுகிலும் அன்னையின் கதையும் உடன் செல்கிறது.

அக்கதை நமக்குக் காட்டும் அன்னை எத்தகையவர்? வானதூதரின் செய்தி கேட்டபோது, வரவிருப்பது முழுவதும் விளங்கிய பின்னர் அவர் இசையவில்லை. விளங்காத நிலையிலும் இறைவன்மேல் நம்பிக்கை வைத்து இசைந்தார். ஏரோது மன்னனின் வாளுக்கு அஞ்சிக் கைக்குழந்தையுடன் இரவோடிரவாக எகிப்து நாட்டிற்குப் புறப்பட்டார். மொழியும் உறவும் வேறான மண்ணில் அயலாராய் வாழ்ந்தார். பன்னிரண்டு வயது மகனைக் காணாது மூன்று நாள் தேடி அலைந்தார். பின்னாளில், சீடருள் பலர் ஓடி ஒளிந்த வேளையில், சிலுவையின் அடியில் நின்றார் என நற்செய்தி நூல் கூறும். மகனை விடுவிக்கும் ஆற்றல் அன்று அவர் கையில் இல்லை. ஆயினும் அவ்விடம் விட்டு அவர் அகலவில்லை. அகலாது நின்ற அந்நிலையே நம்பிக்கையின் உச்சம் எனலாம்.

எகிப்துக்குச் சென்ற தாயின் கதை நம் மலேசிய மண்ணுக்குப் புதியதன்று. கங்காணி முறை முடிவுற்ற 1938ஆம் ஆண்டு வரையில், தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கப்பலேறி இங்குள்ள இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தாய்மார் எத்தனையோ பேர்! கைக்குழந்தையுடன் வந்தவர் உண்டு. வந்த இடத்தில் குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவரும் உண்டு. அவர்களுள் கிறித்தவராய் இருந்தோர் மாதாவின் நினைவைத் தம்முடன் கொணர்ந்தனர். ஈப்போ சிலிபினில் உள்ள லூர்து மாதா ஆலயம் இன்றும் அம்மரபுக்குச் சான்று பகர்கிறது. ஆண்டுதோறும் சூலைத் திங்கள் 26ஆம் நாளையொட்டி, மரியன்னையின் தாயாகிய அன்னம்மாளின் திருவிழாவுக்குப் புக்கிட் மெர்தாஜாம் செல்லும் திரளில் பேராக் மாநிலத் தமிழரும் கலந்துள்ளனர். அத்திரளில் சீனரையும் கிறித்தவர் அல்லாத தமிழரையும் காணலாம்.

பிற்காலத்தில் தோட்டத் துண்டாடல் வந்தது. இரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்தது. லயங்களை விட்டு மக்கள் வெளியேறினர். ‘தாயே, வேலை நிலைக்க வேண்டும்’ என்று மெழுகுவத்தி ஏற்றியவர்தம் வேண்டுதல் நிறைவேறவில்லை. அதனால் அன்னையை அவர்கள் கைவிட்டனரா? இல்லை. மாதா படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் துணியில் சுற்றி, புதிய இடத்தில் மீண்டும் மாட்டினர். கேட்டதைத் தருபவர் என்பதற்காக மட்டும் அன்னையை நம்பியிருந்தால் இது நிகழ்ந்திராது. தம்மைப் போலவே ஊர் விட்டு ஊர் சென்றவர், தம்மைப் போலவே அழுதவர், ஆயினும் நம்பிக்கை இழவாதவர் என்று அறிந்தமையாலேயே அன்னையை உடன் அழைத்துச் சென்றனர். முனிவர் ‘அடைக்கலம்’ என்று கூறியதன் பொருளை ஏடு அறியாத அம்மக்கள் வாழ்ந்து காட்டினர்.

வீரமாமுனிவரை மாணவர்க்குக் கற்பிக்கும் தமிழாசிரியர்கள், அவர் திருத்திய எழுத்துகளோடு அவர் போற்றிய தாயையும் அறிமுகம் செய்தல் வேண்டும். இது சமயப் பரப்புரை ஆகாது. இலக்கிய வரலாற்றை முழுமையாகக் கற்பித்தலே ஆகும். துன்பத்தின் அடியில் அசையாது நிற்கும் தாயை எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அறிவர். பலர் அவரைத் தம் வீட்டிலேயே கண்டிருப்பர்.