மலைப் பரீட்சையில் மோட்டார் சைக்கிள்

மோட்டார் சைக்கிள் போட்டி என்ற மாத்திரத்தே காற்றைக் கிழித்தோடும் வேகமே எவர் மனத்திலும் தோன்றும். ஆனால், வேகத்தைச் சற்றும் மதியாத போட்டி ஒன்றும் உண்டு. அங்கே வண்டியோட்டி பாறைகளும் வேர்களும் சேறும் நிறைந்த ஒரு சிறு மலைச்சரிவில், நடந்து செல்பவனும் முந்திவிடக்கூடிய மெதுவான கதியில் ஏறுகிறான். அவன் கால் தரையிற் படலாகாது. ஒருமுறை ஊன்றினால் ஒரு குற்றப்புள்ளி. பலமுறை ஊன்றினால் மூன்று. வண்டி நின்றுவிட்டால் ஐந்து. மிகக் குறைந்த புள்ளிகளை இழந்தவனே வெற்றியாளன். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயர் ‘ட்ரயல்’. பரீட்சை என்பது அதன் பொருள். யாருக்குப் பரீட்சை என்று கேட்டால், ஆதியில் அது வண்டிக்கே என்பதுதான் விடை.

1909ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தின் மலைநாட்டில் இத்தகைய பல நாட் பரீட்சை முதன்முதலாக நடைபெற்றது. அக்காலத்து மோட்டார் சைக்கிள் நம்பத்தகாத பொருளாகவே இருந்தது. எஞ்சினின் ஆற்றலைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுசென்றது பெரும்பாலும் ஒரு வார்ப்பட்டை. மழையில் நனைந்தால் அது வழுக்கும், நெடுந்தூரம் ஓடினால் அறும். சாலைகளோ குதிரைகளுக்காக அமைந்தவை. ஆகவே, பணங்கொடுத்து வாங்க நினைத்தவர் அறிய விரும்பியது ஒன்றுதான்: இந்த இயந்திரம் ஒரு மலையைக் கடந்து வீடு திரும்புமா? அதற்கு விடை கூறவே இப்பரீட்சைகள் எழுந்தன. ஓட்டியவர் தம் வண்டியைத் தாமே பழுதுபார்த்துக்கொள்ள வேண்டும் என்ற வழக்கமும் இதனின்றே பிறந்தது. 1913இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் தொடங்கிய சர்வதேச ஆறு நாட் பரீட்சையில் இவ்வழக்கம் கடும் விதியாயிற்று. எஞ்சின், சட்டகம், சக்கரம் முதலியவற்றில் வர்ணக் குறி இடப்பட்டது. குறியிட்ட உறுப்பை மாற்றலாகாது. வேறொருவர் கை வண்டியில் படவும் ஆகாது.

ஸ்கொட்லாந்துப் பரீட்சை நாளடைவில் ஆறு நாட் பரீட்சையாக நிலைபெற்றது. பென் நெவிஸ் என்ற பிரித்தானியாவின் மிக உயர்ந்த மலையின் அடிவாரத்திலுள்ள போட் வில்லியம் என்னும் ஊர் அதன் தலைமையிடமாயிற்று. மே மாதத்தில், மழை ஓயாத பள்ளத்தாக்குகளூடே நாள்தோறும் பல மைல்கள் ஓடி, இடையிடையே நடுவர்கள் காத்துநிற்கும் கரடுமுரடான பகுதிகளைக் கடக்க வேண்டும். கின்லொக்லெவன் என்ற சிற்றூரில் முன்பு அலுமினியத் தொழிற்சாலைக்கு நீர் கொண்டுவந்த பெருங்குழாய்களின் அருகே செங்குத்தாக ஏறும் ஒரு கற்பாதை உண்டு. ‘குழாய்ப்பாதை’ எனப் பொருள்படும் அதன் பெயரைக் கேட்டாலே தேர்ந்த ஓட்டிகளும் பெருமூச்செறிவர். மாலையானதும் வண்டிகளைப் பூட்டிய அடைப்பினுள் விட்டுவிட வேண்டும். இரவில் எவரும் அவற்றை அணுக முடியாது. அன்றைய பழுதை அன்றைய நேரத்துக்குள் நீக்காதவன் மறுநாட் காலை அதே பழுதோடு மலையேற வேண்டியதுதான்.

இந்த நெருக்கடியினின்று ஒரு தனிக் கைத்திறன் வளர்ந்தது. கிளச்சுக்கும் காபரேற்றருக்கும் செல்லும் கேபிள்களின் பக்கத்திலேயே மற்றொரு கேபிளையும் சேர்த்து ஒட்டிவைப்பர். ஒன்று அறுந்தால் முனைகளை மாற்றி மாட்டினாற் போதும். கைப்பிடியிலுள்ள நெம்புகளை இறுக்கிப் பூட்டமாட்டார்கள். வண்டி பாறைமேல் விழும்போது இறுகிய நெம்பு முறியும். சற்றே தளர்ந்த நெம்பு சுழன்று தப்பிக்கொள்ளும். புதிதாகக் கற்பவன் எல்லா நட்டுகளையும் முழுபலத்தோடு முறுக்குவதையே நல்ல பராமரிப்பு என்று எண்ணுவான். எதை இறுக்கலாகாது என்று அறிந்தவனே இக்கலையில் முதிர்ந்தவன்.

ஆற்றைக் கடக்கையில் வண்டி நீரில் மூழ்கிவிட்டால் செய்யவேண்டிய முறையும் ஒன்றுண்டு. உடனே உதைத்து எஞ்சினை ஓட்ட முயல்வது பெருந்தவறு. சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். முதலில் பிளக்கைக் கழற்ற வேண்டும். பின்னர் வண்டியைக் கவிழ்த்து நீரை வடித்து, எஞ்சினைச் சிலமுறை சுழற்றி எஞ்சிய நீரை வெளியேற்றி, காபரேற்றரைத் துடைத்து, பிளக்கை உலர்த்தி மாட்ட வேண்டும். மின்பொறியை உண்டாக்கும் மக்னீற்றோவுக்குள் ஈரம் புகாதபடி அதன் இடுக்குகளை முன்கூட்டியே பசை கொண்டு அடைப்பதும் வழக்கம். ரயரின் கதையோ இன்னும் விசித்திரமானது. பாறையைப் பற்றிக்கொள்ளும் பொருட்டு அதில் மிகக் குறைந்த அளவே காற்று விடப்படும். சாலையில் ஓடும் வண்டிக்கு அது ஏறக்குறையக் காற்றுப்போன நிலை எனலாம். அந்நிலையில் ரயர் விளிம்பினின்று நழுவிச் சுழன்று குழாயின் வாயைப் பிய்த்துவிடக்கூடும். அதனைத் தடுக்க விளிம்போடு சேர்த்து ரயரை இறுகப் பிடிக்கும் தனிப் போல்ட்டுகள் உண்டு.

இவ்வாறு பேணிய வண்டியும் அதனை அறிந்த கையும் சேர்ந்தால் விளைவது என்ன என்பதை 1961ஆம் ஆண்டு காட்டிற்று. கோர்டன் ஜாக்சன் என்பார் ஏ.ஜே.எஸ். வண்டியில் ஆறு நாட்களும் ஓடி மொத்தம் ஒரேயொரு புள்ளியை மட்டும் இழந்து வென்றார். ஒரு வாரம் முழுவதிலும் அவரது பாதம் தரையைத் தொட்டதற்குக் கிடைத்த தண்டனை அவ்வளவே.

இவ்வரலாற்றில் தனியிடம் பெற்றவர் சமி மில்லர். 1933இல் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரிற் பிறந்தவர். 1957இல் 250 சி.சி. வேகப்பந்தயத்தில் உலக வரிசையில் மூன்றாமிடம் பெற்றும், வேகத்தைத் துறந்து பரீட்சைப் போட்டிகளையே தம் துறையாகக் கொண்டார். அவர் ஓட்டியது பர்மிங்ஹாம் நகரத்து ஏரியல் கம்பனியின் 500 சி.சி. வண்டி. ஜி.ஓ.வி. 132 என்ற அதன் பதிவெண்ணை அறியாத பரீட்சைப் பிரியர் அந்நாளில் இல்லை. அவ்வண்டியோ கனமானது, 300 இறாத்தலுக்கும் மேற்பட்டது. அதற்கும் மேலான ஓர் இடர் 1959இல் நேர்ந்தது. ஏரியல் கம்பனி தன் நான்குவீச்சு எஞ்சின் வண்டிகளின் உற்பத்தியை அடியோடு நிறுத்திவிட்டது. உலகிலேயே தலைசிறந்த பரீட்சை ஓட்டி, இனி எந்நாளும் செய்யப்படாத ஒரு வண்டியின்மேல் அமர்ந்திருந்தார்!

மில்லர் செய்தது, பழுதுபார்த்தலைப் புதுப்படைப்பாக மாற்றியதே. சட்டகத்தை இலேசான குழாய்களால் மறுபடி கட்டினார். எஃகு இருந்த இடத்தில் இலேசான உலோகத்தையும் கண்ணாடி நாரையும் வைத்தார். தேவையற்ற உலோகத்தை அங்குலம் அங்குலமாகச் சீவியெறிந்தார். ஏறக்குறைய 250 இறாத்தலுக்கு இறங்கிய அவ்வண்டியில் 1962இலும் 1964இலும் ஸ்கொட்லாந்துப் பரீட்சையை வென்றார். 1959 முதல் 1969 வரை பதினொரு ஆண்டுகள் தொடர்ந்து பிரித்தானியப் பரீட்சைச் சாம்பியனாகவும் விளங்கினார். பெருந்தொழிற்சாலை கைவிட்டதை ஒரு மனிதரின் பட்டறை ஐந்தாண்டுகள் உயிரோடு வைத்திருந்தது என்பது மிகையன்று.

ஆயினும் எத்தனை நாள்? 1964இன் பிற்பகுதியில் அவர் ஸ்பெயினுக்குச் சென்றார். அங்கே பார்சிலோனாவை அடுத்து பிரான்சிஸ்கோ புல்டோ என்பார் ஒரு கம்பனி நடத்திவந்தார். தாம் கூட்டாகத் தொடங்கிய மொன்ற்றேசா கம்பனி பந்தயத்தினின்று விலகியதைப் பொறாது, 1958இல் வெளியேறி, தம் பெயரையும் ‘பாக்கோ’ என்ற தம் செல்லப்பெயரையும் இணைத்துப் ‘புல்டாக்கோ’வை நிறுவியவர் அவர். மில்லரும் அவரது தொழிலாளரும் ஏறக்குறையப் பன்னிரண்டு நாட்களில் ஒரு புதிய பரீட்சை வண்டியை உருவாக்கினர். சட்டகத்தின் கோணம், கால்வைக்கும் இடம், எஞ்சினின் மெதுவான இழுப்பு ஆகிய அனைத்தையும் மில்லர் ஓட்டிப் பார்த்துச் சொல்ல, அவர்கள் வெட்டியும் ஒட்டியும் மாற்றினர். பல ஆண்டுகள் சேற்றில் நின்று கழற்றிப் பூட்டியவரின் அறிவு அந்தப் பன்னிரண்டு நாட்களில் உலோகமாயிற்று. 1965 மே மாதத்தில் அவ்வண்டியிலேயே ஸ்கொட்லாந்துப் பரீட்சையை அவர் வென்றார். அந்நிய நாட்டு வண்டி ஒன்று அங்கே வெற்றி பெற்றது அதுவே முதன்முறை.

‘ஷேர்ப்பா’ என்ற அந்த 244 சி.சி. வண்டி இருவீச்சு எஞ்சினைக் கொண்டது. வால்வுகளும் அவற்றை இயக்கும் தண்டுகளும் அதில் இல்லை; பெற்றோலுடன் எண்ணெயையும் கலந்து ஊற்றினாற் போதும். தலைப்பாகத்தைக் கழற்றிக் கரியைச் சுரண்டி மீண்டும் பூட்டுவது வீட்டு முற்றத்திலேயே முடியக்கூடிய வேலை. கலவையில் எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் இறுகிப்போகும் என்பது மட்டுமே பெரிய அச்சம். சாதாரணத் தொழிலாளியும் வாங்கித் தானே பேணக்கூடிய பரீட்சை வண்டி கிடைத்ததும், கனத்த நான்குவீச்சு வண்டிகள் விரைவிலேயே போட்டிகளில் அருகின. ஏரியலின் உடைமைக் கம்பனியான பி.எஸ்.ஏ. 1973இல் வீழ்ச்சியுற்று வேறொன்றுடன் இணைந்தது. அவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. பரீட்சைக் களத்தின் தோல்வி அவற்றுட் சிறியது. ஆனால், தன் வண்டியை நன்கறிந்த மனிதரின் சொல்லைக் கேட்கும் செவி உள்நாட்டில் இல்லாது ஸ்பெயினில் இருந்தது என்பது சிறிய செய்தியன்று. புல்டாக்கோவும் நிலைக்கவில்லை, 1983இல் அதன் உற்பத்தியும் நின்றது.

இன்று இப்போட்டியில் ஓடும் வண்டிகள் இருக்கையே இல்லாதவை; எடை 70 கிலோ அளவே. ஆயினும் ஆறு நாட் பரீட்சைக்குச் சற்று முன்னதாக, அதே கின்லொக்லெவனில், 1965க்கு முற்பட்ட வகை வண்டிகளுக்கெனத் தனிப் பரீட்சை ஒன்றும் நடைபெறுகிறது. ஏரியலும் பி.எஸ்.ஏ.யும் ஏ.ஜே.எஸ்.உம் மீண்டும் பாறையேறுகின்றன. உற்பத்தி நின்று அரை நூற்றாண்டுக்கும் மேலாகிய அவற்றுக்கு வேண்டிய உறுப்புகளைச் சிறு பட்டறைகள் புதிதாகச் செய்து விற்கின்றன. ஜி.ஓ.வி. 132, இங்கிலாந்தின் நியூ மில்ற்றன் ஊரில் மில்லர் நிறுவிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.