வைஃபைக்கு லைசென்ஸ் கேட்ட காலம்

பெரியதாழை வீட்டு ரவுட்டரை மாத்தியாச்சு மக்களே. ராத்திரியானா வளைகுடாவுல இருக்கிற அண்ணனோட வீடியோ கால் உறைஞ்சு நிக்கும், அம்மா முகம் வாடிடும். லேப்டாப்பை வயர்ல செருகிப் பாத்தேன், நெட் பறந்துச்சு. அப்போ கோளாறு லைன்ல இல்ல, காத்துல! பக்கத்து வீடுகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ்லதான். அதுல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் மூணே மூணு: 1, 6, 11. புது ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸும் பேசும்; கால் இப்போ உறையறதில்ல.

இதுல என்ன வரலாறுன்னு கேப்பீங்க. இந்தியாவோட 1933 சட்டப்படி, கம்பியில்லாத் தந்திக் கருவியை லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தாலே குத்தம். அமெரிக்கா 1985லயே லைசென்ஸ் இல்லாம 2.4ல பேச அனுமதிச்சது. 1997ல 802.11ங்கிற வைஃபை தரம் வந்தது. நம்ம ஊர்ல 2.4ஐ வீட்டுக்கு உள்ளயும் வெளியயும் லைசென்ஸ் இல்லாம பயன்படுத்தலாம்னு அறிவிப்பு வந்தது 2005 ஜனவரியில. 5ல மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு அதே சுதந்திரம் கிடைச்சது 2018 அக்டோபர்ல. 1933 சட்டத்துக்குப் பதிலா 2023ல புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறிச்சு.

ஆக, 'டூயல் பேண்ட்'னு பெட்டியில போட்டிருக்கே, அதை நாம நிம்மதியா பயன்படுத்தறதுக்குப் பின்னாடி ரெண்டு கெசட் அறிவிப்பு இருக்கு. ஒரு டிப்ஸ்: 5 வேகமானது, ஆனா சுவரைத் தாண்டத் திணறும். தூர ரூமுக்கு 2.4ஐ அணைக்காம விடுங்க :-)