கஞ்சமலைக் காந்தமும் கிட்டார்க் கம்பியும்

சேலம் நகரின் மேற்குப் புறத்தில் சமவெளியிலிருந்து தனித்து எழும் கஞ்சமலை, மாக்னடைட் எனப்படும் காந்த இரும்புத்தாது குவார்ட்சுடன் வரிவரியாகப் படிந்த பாறைகளைக் கொண்டது. மழைநீர் அரித்துக்கொண்டு வந்த கருமணலை அலசி எடுத்து, கரியோடு சேர்த்து மண் உலைகளில் உருக்கும் தொழில் இம்மலையைச் சுற்றிய ஊர்களில் நெடுங்காலம் நடந்தது. அவ்வாறு கிடைத்த இரும்புத் துண்டுகளை ஆவாரங்குச்சியோடும் எருக்கிலையோடும் சிறு மண்மூசைகளில் வைத்து, வாயை அடைத்து, துருத்தியால் ஊதிச் சூடேற்றியபோது, இலையும் குச்சியும் கரிந்து கார்பனாகி இரும்புக்குள் புகுந்து அதை எஃகாக்கின. ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்று அழைத்த தென்னிந்திய எஃகின் செய்முறைகளுள் இதுவும் ஒன்று. இதனைச் சேலத்தில் கண்டறிந்து எழுதிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, 1830 அளவில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார்.

மின்கிட்டாரின் வரலாற்றை இந்த மலையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இலண்டனில் மைக்கேல் பாரடே 1819இல் வெளியிட்ட ஆய்வுகளுள் ஒன்று ஊட்ஸ் எஃகின் வேதிப்பகுப்பு பற்றியது. எஃகுக் கலவைகளில் சில ஆண்டுகள் உழைத்த அதே மனிதர், 1831இல் கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து எடுக்கும்போது கம்பியில் மின்சாரம் பிறப்பதைக் காட்டினார். மின்கிட்டாரில் தந்தியின் ஒலியை எடுக்கும் பிக்கப் என்னும் கருவியின் அடிப்படை முழுவதும் அந்தக் கண்டுபிடிப்புக்குள் அடங்கியிருக்கிறது. காந்தத்தின் மேல் மெல்லிய செப்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றி, அதனை எஃகுத் தந்திகளுக்கு அடியில் பொருத்தினால், தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலைந்து, சுருளில் தந்தியின் அதிர்வையே ஒத்த மின் அலை எழுகிறது. மைக் காற்றின் அசைவைக் கேட்கிறது. பிக்கப் இரும்பின் அசைவைக் கேட்கிறது. டி. ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் போன்ற படப்பிடிப்பு நிலையங்களில் வாத்தியக்காரர்கள் மைக்கின் முன் அமர்ந்து வாசித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, அமெரிக்காவில் இந்த இரண்டாவது வழி வேரூன்றத் தொடங்கிவிட்டது.

ஜார்ஜ் போஷாம் வடிவமைத்து 1932இல் விற்பனைக்கு வந்த 'வாணலி' என்ற செல்லப்பெயர் கொண்ட கிட்டாரில், தந்திகளின் மேலும் கீழும் வளைந்து நிற்கும் குதிரைலாடக் காந்தங்கள் இருந்தன. அதன்பின் ஒவ்வொரு தலைமுறைப் பிக்கப்பும் காந்தப்பொருளின் வரலாற்றைத் தொடர்ந்தே வந்தது. ஜப்பானியரான மிஷிமா 1931இல் கண்ட கலவையிலிருந்து வளர்ந்த அல்நிக்கோ, இரும்போடு அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவை சேர்ந்தது. பிலிப்ஸ் ஆய்வகத்திலிருந்து 1950களில் வெளிவந்த செராமிக் காந்தமோ இரும்பு ஆக்சைடை அடிப்படையாகக் கொண்டது; கஞ்சமலையின் மாக்னடைட்டும் ஓர் இரும்பு ஆக்சைடே என்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். ஆனால் அந்த மலையடிவாரத்தில் எழுந்த சேலம் உருக்காலை புகழ்பெற்றது துருப்பிடிக்காத எஃகுக்காக. அதன் பரவலான வகைகளில் காந்தம் ஒட்டுவதே இல்லை.

சுருள் சுற்றும் கைத்திறனோ இந்தச் சமவெளிக்குப் புதிதன்று. மேட்டூர் அணை 1934இல் முடிந்து, 1937இல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியபின், சேலம், நாமக்கல் பகுதிகளின் கிணறுகளில் கவலை ஏற்றம் இருந்த இடத்துக்கு மெல்ல மெல்ல மின்மோட்டார் வந்தது. மோட்டார் எரிந்துபோனால் காயில் கட்டக் கொடுப்பது உழவர் வாழ்வின் வழக்கமான செலவாயிற்று. அந்த வைண்டிங் கடைகளில் எனாமல் பூசிய செப்புக்கம்பியைச் சுற்று எண்ணிக் கட்டுபவரின் வேலையும் பிக்கப் செய்பவரின் வேலையும் ஒரே விதியின் இரு முகங்கள்: அங்கே மின்சாரம் காந்தமாகி இரும்பைச் சுழற்றுகிறது, இங்கே இரும்பின் அசைவு மின்சாரமாகிறது. வேறுபாடு கம்பியின் பருமனில் இருக்கிறது. பிக்கப்புக்குரிய கம்பி ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர் தடிப்பே உடையதாதலால், தலைமயிரைவிடப் பெரிதாக இராத அது விரல் சற்று அழுத்தினாலே அறுந்துவிடும்.

ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு ஒரு பெருங்குறை உண்டு: அது தந்தியை மட்டுமன்றி அருகிலுள்ள மின்கம்பிகளின் காந்தப்புலத்தையும் சேர்த்துப் பிடிக்கும். சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா போன்ற விழாக்களின் இரவுக் கச்சேரி மேடையை எண்ணிப் பார்த்தால் இக்குறையின் அளவு விளங்கும். பின்னால் ஜெனரேட்டர் ஓட, தலைக்கு மேல் சீரியல் விளக்குகள் தொங்க, மேடைக்கு அடியில் ஒயர்கள் பின்னிக் கிடக்க, வாசிப்பு நின்ற கணமெல்லாம் ஒலிபெருக்கியில் 50 சுழற்சி மின்சாரத்தின் 'உம்ம்' என்ற முனகல் எழும். கிப்சன் நிறுவனப் பொறியாளர் சேத் லவர் 1955இல் காப்புரிமை கோரிய ஹம்பக்கர் இதற்கான விடை. ஒன்றுக்கொன்று எதிர்த்திசைக் காந்தமுனைகள் கொண்ட இரு சுருள்களை அருகருகே வைத்து எதிரெதிராக இணைத்தால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, தந்தியின் ஒலி மட்டும் கூடிவரும். சுருள் ஒன்றுக்கு ஏறத்தாழ 5000 சுற்றுகளும் அல்நிக்கோ காந்தமும் கொண்ட அந்தப் பழைய ஹம்பக்கர்கள், மின்தடை அளவில் 7.5 முதல் 9 கிலோ ஓம் வரை காட்டுபவை; இன்று 'மிதமான அவுட்புட்' என்று சொல்லப்படும் வகையின் மூலவடிவம் அதுவே.

மிதமான ஒன்று ஏன் போதாமல் போயிற்று என்பதற்கு விடை பிக்கப்பில் இல்லை, ஆம்ப்ளிஃபயரில் இருக்கிறது. 1960களின் வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் முன்பெருக்கம் குறைவாக இருந்ததால், அவற்றை முழு ஒலியில் வைத்தாலன்றி ஒலி உடைந்து கரகரக்கும் 'டிஸ்டார்ஷன்' கிடைப்பது அரிதாயிருந்தது. ஆகவே ஆம்ப்ளிஃபயரின் வாயிலை இன்னும் பலமாகத் தட்டும் பிக்கப்பைத் தேடினார்கள். செராமிக் காந்தமும் அதிகச் சுற்றுகளும் கொண்டு, 13 கிலோ ஓம் அளவில் நிற்கும் 'சூப்பர் டிஸ்டார்ஷன்' பிக்கப்பை லாரி டிமார்சியோ 1970களின் தொடக்கத்தில் கொண்டுவந்தபோது, அந்தத் தேவைக்கு அது மிகச் சரியான மருந்தாக இருந்தது. ஆனால் அதே பத்தாண்டில் ராண்டால் ஸ்மித்தின் மெசா பூகி போன்ற ஆம்ப்ளிஃபயர்கள் பெருக்கப் படிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, குறைந்த ஒலியிலும் வேண்டிய அளவு கரகரப்பைத் தந்துவிட்டன. நோய் தீர்ந்த பின்னும் மருந்து தொடர்ந்தது. பலமான பிக்கப்தான் கனமான இசைக்குரியது என்ற எண்ணம் வழக்கமாக உறைந்துபோயிற்று.

அந்த வழக்கத்துக்குக் கொடுக்கும் விலை சிறிதன்று. சுற்றுகள் கூடக்கூடச் சுருளின் தூண்டுதிறன் ஏறி, ஒத்திசைவு உச்சத்தின் அதிர்வெண் கீழிறங்குவதால், தந்தியின் மேல்சுருதிப் பளபளப்பு முதலில் மங்கி, நடுப்பகுதி தடித்து வீங்குகிறது. டிஸ்டார்ஷன் ஏற்றிய பின் இந்த வீக்கம் இன்னும் பெருகி, ஆறு தந்திகளும் ஒரே கூழாகக் கேட்கும். மிதமான பிக்கப்பிலோ கெயின் என்னும் பெருக்கம் முழுவதையும் ஆம்ப்ளிஃபயரிடம் விட்டுவிடலாம். உள்ளங்கையால் தந்தியை அடக்கி வாசிக்கும் தாழ்ந்த அடிகள் தனித்தனியாகத் தெறித்து விழும், கிட்டாரின் ஒலிக்குமிழைச் சற்றுத் திருப்பினால் அதே ஒலி தெளிந்த மெல்லொலியாகும். இங்குள்ள கச்சேரி மேடைக்கு இது இன்றியமையாதது. விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்து மெல்லிசைப் பாடலை வாசித்து முடித்த கை, அடுத்த நிமிடமே இளையராஜாவின் துடிப்பான தாளத்துக்கும், அதற்கடுத்துக் கரகரக்கும் குத்துப்பாட்டுக்கும் மாற வேண்டும்; அவை அனைத்துக்கும் அந்தக் கலைஞரிடம் இருப்பது பெரும்பாலும் ஒரே கிட்டார்.

காந்தத்தின் பலம் தந்தியையே தொடுகிறது என்பதும் அந்த விலையில் அடங்கும். பலமான காந்தம் தந்திக்கு மிக நெருங்கினால், அது தந்தியைத் தன்பால் இழுத்து, அதிர்வின் ஆயுளைக் குறைத்து, சுருதியையும் கோணலாக்குகிறது. மேற்கத்திய இசையில் இதனைச் சிறு தொல்லையாகக் கொள்ளலாம். கமகமே உயிராக உள்ள கர்நாடக இசையில் அவ்வாறு கொள்ள முடியாது. 1980களில் யு. ஸ்ரீநிவாஸ், இரட்டைத் தந்திகளாக எட்டுக் கொண்ட மேண்டலினை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மேண்டலினைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தியதன் பயன், ஒருமுறை மீட்டிய ஒலி நீண்டு நிற்க, அந்த நீட்சிக்குள் விரல் தந்தியை இழுத்தும் வழுக்கியும் ராகத்தை வரைய இடம் கிடைத்ததுதான். அந்த நீட்சியைக் கெடுக்கும் எதுவும், அது எத்தனை உரத்த ஒலி தந்தாலும், இந்த இசைக்கு உதவாது.

பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும்போது மல்ட்டிமீட்டர் காட்டும் கிலோ ஓம் எண்ணை மட்டும் நம்புவது பழகிப்போன பிழை. கம்பி மெலிந்தாலே மின்தடை கூடும். சுற்று கூடியிருக்க வேண்டியதில்லை. அல்நிக்கோ 2 அல்லது 5 வகைக் காந்தமும் 8 முதல் 10 கிலோ ஓம் வரையிலான தடையும் கொண்ட ஹம்பக்கர், கனமான இசைக்கும் மென்மையான இசைக்கும் நடுவே நிற்கும் நல்ல தொடக்கப்புள்ளி. அதன்பின் வேலை இரு திருகாணிகளுடையது: கடைசிக் கட்டையில் தந்தியை அழுத்திப் பிடித்து, பிக்கப்பின் முகத்துக்கும் தந்திக்கும் இடையே 2 மில்லிமீட்டர் இடைவெளியில் தொடங்கி, தடித்த தந்தியின் பக்கத்தை இன்னும் சற்றுக் கீழிறக்கி, ஒவ்வொரு கால்திருப்புக்கும் ஒருமுறை மீட்டிக் கேட்க வேண்டும்.